ஒலிவாங்கியும் மனச்சாட்சியும்

கத்தியால் குத்தியவன் குற்றவாளி என்பதில் உலகத்துச் சட்டங்கள் யாவும் ஒருமித்த கருத்துடையன. வீட்டுக்குத் தீ வைத்தவன் குற்றவாளி என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் கத்தியையோ தீப்பந்தத்தையோ கையால் தொடாமல், ஓர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, நம் இனம் அழிந்துகொண்டிருக்கிறது என்று அமைதியான குரலில் நாள்தோறும் சொல்லி வந்தவனை எந்தக் கூண்டில் நிறுத்துவது? அவன் சொன்னதை நம்பி உள்ளம் கொதித்தவனுக்கு அக்கொதிப்பில் பங்கு எதுவும் இல்லையா? சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதை அளப்பவர் யார்?

இவை ஓய்வு நேரத்தில் அலசிப் பார்க்கும் தத்துவ விசாரங்கள் அல்ல. லிங்கநகரிலும் அதைச் சூழ்ந்த திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலும் வாழும் நமக்கு இவை வாழ்க்கைப் பிரச்சினைகள். கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் பன்சலையின் பிரித் ஓதலும் கலந்து கேட்கும் ஊர் இது. ஒருவன் வீட்டு வானொலியில் பேசப்படுவது அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டுகிறது. அப்பேச்சு அடுத்த வீட்டானைப் பற்றியதாக இருந்துவிட்டால், அதன் விளைவும் சுவரைத் தாண்டும் என்பதை நம் தலைமுறை நன்கு அறியும்.

இக்கேள்வியை ஆராய, அண்மைக்கால இலங்கை வரலாற்றில் கங்கொடவில சோம தேரரின் வாழ்வைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம். கொழும்பை அடுத்த கங்கொடவிலவில் 1948இல் பிறந்த இவர், 1974இல் மகரகம பிக்குப் பயிற்சி நிலையத்தைச் சார்ந்து துறவு பூண்டார். எண்பதுகளின் இறுதியில் அவுஸ்திரேலியா சென்று, மெல்பேர்ண் நகரில் புலம்பெயர்ந்த சிங்கள பௌத்தர்களுக்காக விகாரை ஒன்றை நிறுவினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தாயகம் திரும்பியபோது, நாட்டின் ஒலி, ஒளிபரப்புத் துறை பெருமாற்றம் அடைந்திருந்தது. நீண்டகாலமாக அரசின் கையில் மட்டுமே இருந்த அலைவரிசைகள் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. விளம்பரத்துக்குப் போட்டியிட்ட அந்நிலையங்களுக்கு மக்களைக் கட்டிப்போடும் குரல்கள் தேவைப்பட்டன. சோம தேரரிடம் அத்தகைய குரல் இருந்தது.

பாளி மேற்கோள்களால் கேட்போரை அயர்த்தும் பழைய பன முறையை அவர் கைவிட்டார். வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல எளிய சிங்களத்தில் பேசினார். கேள்வி கேட்டவர்களுக்குச் சுற்றிவளைக்காமல் விடை சொன்னார். அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் உரை நாடாக்களும் சிற்றூர்க் குடிசைகள்வரை சென்றன. குறுகிய காலத்தில் நாட்டின் மிகப் புகழ்பெற்ற பிக்குவாக அவர் விளங்கினார்.

அவர் பேசியவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை நாமும் மறுக்கமாட்டோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. மதுவால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டித்தார். அரசியல்வாதிகளின் ஊழலையும் பாசாங்கையும் பெயர் சொல்லித் தாக்கினார். சோதிடத்துக்கும் சாந்தி சடங்குகளுக்கும் ஏழைகள் காசைக் கொட்டி அழுவதை எள்ளி நகையாடினார். வாழ்வில் இடருற்றவன் தன் முயற்சியை நம்பாமல் தேவாலயங்களில் தெய்வங்களின் காலில் விழுவதேன் என்று கேட்டார். மூட நம்பிக்கைக்கு எதிராக அரை நூற்றாண்டாகப் பேசியும் எழுதியும் வரும் முற்போக்காளர்கள் இவற்றைக் கேட்டுத் தலையசைக்காமல் இருந்திருக்க முடியுமா?

அப்படியாயின் அவருக்கும் நமக்கும் வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

மக்களின் துன்பத்துக்குக் காரணம் தேடும் இடத்தில்தான் தொடங்குகிறது. சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு வேலையில்லை, நிலமில்லை, கடன் உண்டு. திறந்த பொருளாதாரம் அவனுக்குக் காட்டிய பண்டங்கள் அவன் கைக்கு எட்டவில்லை. இந்த வேதனை உண்மையானது. இந்த வேதனையைத் தொட்டுப் பேசியதால்தான் தேரரின் சொல்லுக்கு அத்தனை வலிமை வாய்த்தது. ஆனால் வேதனையின் வேரைத் தேடி அவர் தோண்டிய இடம் வேறு. சிங்கள பௌத்தர் தொகை குன்றுகிறது, பிறர் தொகை பெருகுகிறது, மதமாற்றக்காரர் கிராமங்களுக்குள் நுழைகின்றனர், நாளை நாம் நம் நாட்டிலேயே சிறுபான்மையாவோம் என்ற அச்சத்தின்பால் அவர் பேச்சு திரும்பியது. இந்துத் தெய்வ வழிபாட்டின் மீதான அவரது கண்டனமும் இந்த ஒளியில் வேறு பொருள் பெற்றது. பிள்ளையாரையும் கதிர்காமக் கந்தனையும் பத்தினித் தெய்வத்தையும் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வணங்கியது தத்துவ நோக்கில் மூடநம்பிக்கையாக இருக்கலாம்; சமுதாய நோக்கில் அது ஒரு பாலம். நம் கோணேசர் கோயிலுக்கு இன்றும் சிங்கள யாத்திரிகர் திரளாக வருகின்றனர். பாலத்தை அகற்ற விரும்புபவன் அவ்விடத்தில் அதைவிட உறுதியான பாலம் ஒன்றைக் கட்டித் தரவேண்டும். தேரரின் சீர்திருத்தத்தில் அத்தகைய பாலம் எதுவும் இருக்கவில்லை.

அந்த அச்சத்தைப் புள்ளிவிவரம் தாங்குகிறதா? 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் சிங்கள மக்கள் நூற்றுக்கு 69 பேரளவில் இருந்தனர். 2012ஆம் ஆண்டின் மதிப்பில் ஏறத்தாழ 75 பேர். குன்றியவர் எவர்? 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர்களே குன்றியவர்கள். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1921இல் திருகோணமலை மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களின் பின் 1981இல் அவர்கள் மூன்றிலொரு பங்கினர். இதைச் சொல்வது, தெற்கிலிருந்து நிலமின்றி வந்த ஏழை விவசாயியைப் பகைவனாகக் காட்டுவதற்கு அன்று. நிலமற்றவனை நிலமற்றவனோடு மோதவிட்டு, நிலவுடைமைப் பிரச்சினையைத் தீர்க்காமல் தப்பிக்கொண்ட ஆட்சியாளரை அடையாளங் காட்டுவதற்கே. அழிகிறோம் என்ற அச்சம் எண்களிலிருந்து பிறக்கவில்லை; எண்களைக் காட்டி அதை அகற்றவும் இயலாது. வறுமையில் வேரூன்றிய அச்சத்துக்கு வேறு பெயர் சூட்டப்படுகிறது. அவ்வளவே.

இதே திருப்பத்தை வேறொரு நாட்டில், வேறொரு மதத்தின் உடையில் உலகம் முன்னரே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரை அடுத்த றோயல் ஓக் என்னும் ஊரில் சார்ள்ஸ் கொக்லின் என்ற கத்தோலிக்கக் குரு 1926இல் வானொலியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பொருளாதார மந்தம் கோடிக்கணக்கானோரைத் தெருவில் தள்ளியபோது, வங்கி முதலாளிகளைச் சாடி, தொழிலாளரின் கூலிக்காக வாதாடினார். 1932இல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். பின்னர் அவரையே எதிர்த்தார். கோடிக்கணக்கான நேயர்கள் ஞாயிறுதோறும் அவர் குரலுக்காகக் காத்திருந்தனர். முதலில் அவர் வாயில் வங்கி முதலாளியாக இருந்த எதிரி, மெல்ல மெல்ல யூத வங்கி முதலாளியானான். இறுதியில் வங்கி மறைந்து, யூதன் மட்டும் எஞ்சினான். 1938 நவம்பரில் ஜேர்மனியில் யூதர்களின் ஆலயங்களும் கடைகளும் எரிந்து இரு வாரங்கள் கழிவதற்குள், அவ்வன்செயலைக் கம்யூனிசத்துக்கு எழுந்த எதிர்வினை என்று நியாயப்படுத்தும் வகையில் அவர் வானொலியில் பேசினார். நியூயோர்க் நிலையம் ஒன்று அவரது அடுத்த உரையை ஒலிபரப்ப மறுத்தது. 1942இல் அவருடைய ஆயரே அவரை அரசியல் பேச்சிலிருந்து விலகப் பணித்தார். அதன் பின் 1966 வரை பங்குக் குருவாகவே அமைதியாக வாழ்ந்து, 1979இல் இறந்தார். வாதத்தின் முற்பாதி நம்முடையது. பிற்பாதியில் காரணத்தின் இருக்கையில் அயலான் அமர்த்தப்படுகிறான். பிற்போக்குப் பிரசாரகர் அனைவரிடமும் காணப்படும் உத்தி இதுவேயாம்.

இதன் பொருளாதாரத்தையும் மறத்தலாகாது. சர்ச்சைக்குரிய விடயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடமளிக்கவேண்டும் என்ற ஒலிபரப்பு விதியை அமெரிக்க அதிகாரிகள் 1987இல் நீக்கினர். மறு ஆண்டே ரஷ் லிம்பா என்பவரின் நிகழ்ச்சி நாடெங்கும் பரவத் தொடங்கியது. 2021இல் அவர் இறக்கும்வரை, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், ஒரு தரப்பின் சினம் மட்டுமே அங்கே ஒலித்தது. இறப்பதற்கு முந்தைய ஆண்டில் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்குச் சூட்டப்பட்டது. சினந்தவன் நிலையத்தை மாற்றமாட்டான்; மாற்றாத நேயனை விளம்பரதாரனுக்கு நல்ல விலைக்கு விற்கலாம். வெறுப்பு இங்கே கொள்கையாவதற்கு முன்பே சரக்காகிவிடுகிறது.

சோம தேரர் சினத்தை விற்றுப் பொருள் தேடியவர் அல்லர். அவரது எளிமையை அவரை எதிர்த்தவர்களும் மறுத்ததில்லை. ஆனால் தனி ஒழுக்கம் ஒருவனின் சொல்லுக்கு விலக்குரிமை அளிக்குமா? நல்லவன் சொன்னது என்பதனால் சொன்னது நல்லதாகிவிடுமா? அவரை மதிப்பிட நம் அளவுகோல் வேண்டியதில்லை. அவர் துறவு பூண்ட தருமத்தின் அளவுகோலே போதும். புத்தர் வகுத்த எண்வகை நெறியில் நல்வாய்மை ஒன்று. பொய் கூறாதிருத்தல் மட்டும் நல்வாய்மை ஆகாது. மக்களிடையே பிளவு விளைக்கும் சொல்லைத் தவிர்த்தலும், கடுஞ்சொல்லைத் தவிர்த்தலும், பயனற்ற சொல்லைத் தவிர்த்தலும் அதன் கூறுகள். ஒரு செய்தி உண்மையேயானாலும், அது இருவரைப் பிரிப்பதற்காகச் சொல்லப்படுமாயின் அந்நெறியில் அதற்கு இடமில்லை. வள்ளுவர் வாய்மையை வரையறுத்தபோதும் தீமை பயவாமையையே அதன் உரைகல்லாக வைத்தார். புறங்கூறாமைக்கெனத் தனி அதிகாரமும் வகுத்தார். பிரிக்கும் சொல்லை இவ்விரு மரபுகளும் நாவின் பெருங்குற்றங்களுள் ஒன்றாகவே கண்டன.

புறங்கூறல் என்னும் அச்சொல் நம் விசாரணைக்கு மிகவும் உதவுவது. சோம தேரரின் உரைகளில் தமிழரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் பேசப்பட்டனர். ஆனால் அவர்களோடு பேசப்படவில்லை. சிங்களம் அறியாத நம் வீடுகளில் அவ்வுரைகள் விளங்கவே இல்லை. நாட்டின் மனநிலையில் ஏற்பட்ட மாற்றமாகவே அவை நம்மை வந்தடைந்தன. இதற்கு விலக்காக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் வேண்டும். தீகவாபி பற்றிய சர்ச்சையை ஒட்டி, அமைச்சரும் சட்டத்தரணியும் கவிஞருமான எம். எச். எம். அஷ்ரஃப் அவரோடு தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார். அதில் வென்றவர் யார் என்பது நம் கேள்வியன்று. குற்றஞ்சாட்டப்பட்ட சமூகத்தவன் ஒருவன் எதிரே அமர்ந்திருந்தபோது, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கப்பட்டது; கேட்டவர்களுக்கு எடைபோட இரண்டு தட்டுகள் கிடைத்தன. அயலான் இல்லாத அறையில் அயலானைப் பற்றிப் பேசுவதற்கும், அவன் முகம் பார்த்துப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு ஒழுக்கவியலின் அடிப்படை வேறுபாடாகும்.

2003 டிசம்பர் 12ஆம் நாள் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் சோம தேரர் மாரடைப்பால் காலமானார். அது சதி என்ற வதந்தி காட்டுத்தீபோலப் பரவியது. அந்த நத்தார் காலத்தில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2004 பெப்ரவரியில் பிக்குகளையே வேட்பாளர்களாகக் கொண்ட ஜாதிக ஹெல உறுமய தோன்றியது; ஏப்ரல் தேர்தலில் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் புகுந்தனர். 2005 மே மாதத்தில் ஓரிரவில் நம் நகரின் பஸ் நிலையத்தருகே புத்தர் சிலை ஒன்று எழுந்தது. கதவடைப்பும் பதற்றமும் தொடர்ந்தன. 2006 ஏப்ரல் 12ஆம் நாள் நம் சந்தையில் குண்டு வெடித்தவுடன் தமிழரின் கடைகளும் உயிர்களும் பலியாயின. 2014 ஜூனில் அளுத்கமவில் பொது பல சேனாவின் கூட்டத்தை அடுத்து முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தன. இவற்றுக்கெல்லாம் இறந்துபோன ஒரு பிக்குவைக் காரணமாக்குவது அறிவுடைமையாகாது. போரும் அரசும் கட்சிகளும் ஆயுதக் குழுக்களும் தத்தம் பங்கை ஆற்றின. ஆயினும் அயலானைக் காரணமாகக் காணும் பழக்கம் ஒரு சமூகத்தில் எப்படி ஊறுகிறது என்று கேட்போமாயின், அந்த இனிய, எளிய, அமைதியான குரலை நாம் மறந்துவிட முடியாது.

சட்டம் இதை எட்டுமா? 1994இல் ருவண்டாவில் வானொலி நிலையமொன்று கொலைக்கு மக்களை ஏவியது. அந்நிலையத்தை நிறுவியோருள் இருவரையும் பத்திரிகையாசிரியர் ஒருவரையும் சர்வதேச நீதிமன்றம் 2003 டிசம்பர் 3ஆம் நாள் குற்றவாளிகளாகக் கண்டது. இலங்கையின் எந்தக் குரலையும் அதனோடு ஒப்பிடுதல் முறையன்று. ஆனால் 2007இல் மேன்முறையீட்டு மன்றம் அவ்வழக்கில் வகுத்த ஓர் எல்லை நம் சிந்தனைக்குரியது. கொலைகள் தொடங்கிய ஏப்ரல் 6ஆம் நாளுக்கு முந்திய ஒலிபரப்புகளை, இனப்படுகொலைக்கு நேரடியாகத் தூண்டியவையாகக் கொள்ள இயலாதென அது கூறியது. சட்டம் தீப்பந்தத்தை மட்டுமே கண்டுகொள்ளும். அதற்கு முன் மாதக்கணக்கில் விறகு உலர்த்தப்பட்டதை அது முழுமையாகத் தண்டிக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் மனச்சாட்சிக்கு வேலையிருக்கிறது.

சட்டத்தையே மேலும் கூர்மையாக்கினால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நம் நாட்டின் அனுபவம் எச்சரிக்கை செய்கிறது. வெறுப்புப் பேச்சைத் தடைசெய்யும் பிரிவைக் கொண்டு 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 2019 ஏப்ரலில் கைதானவர் சிறுகதையாசிரியர் சக்திக சத்குமார. பன்சலை வாழ்வைத் தொட்டு ஒரு கதை எழுதியதே அவர் செய்த குற்றம். 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர் இளம் தமிழ்க் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம். தம் கவிதை நூலுக்காக ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்த அவர், 2023 டிசம்பரில் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அதிகாரத்தின் கையில் தரப்படும் வாள் அதிகாரமற்றவன் கழுத்தையே முதலில் தேடும். பேச்சுரிமையைக் காக்கும் பொறுப்பை இடதுசாரிகள் ஒருபோதும் கைவிடலாகாது.

அவ்வாறாயின் எஞ்சுபவன் கேட்பவன். 1996இல் நம் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கே நினைவுகூரத்தக்கது. அரச வானொலியின் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டபோது, அதில் தொலைபேசி வழியாகப் பங்குபற்றி வந்த ஒரு நேயர் வழக்குத் தொடுத்தார். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதென மன்றம் தீர்ப்பளித்தது. கேட்டலும் பேச்சின் ஒரு பகுதி என்பது அதன் உட்பொருள். கேட்பதற்கு உரிமை உண்டெனின் கேட்பதற்குப் பொறுப்பும் உண்டு. சொன்னவன் சொன்னான், நான் கேட்டேன், எனக்கென்ன என்று ஒதுங்கும் செவி, நடுநிலைச் செவியன்று, அதுவும் பங்காளியே.

இந்த இடத்தில் நம் வீட்டு ஒலிபெருக்கிகளையும் அணைத்துவைத்துவிட்டுப் பேசுவோமானால், இக்கட்டுரை முழுவதும் புறங்கூறலாகிவிடும். தமிழ் மேடைகளில் துரோகி என்ற சொல் கைதட்டலுக்காக எத்தனை முறை வீசப்பட்டது! அச்சொல்லால் சுட்டப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் நாள் பொன்னாலைக் கோயில் வாசலில் சுடப்பட்டார். மேடையில் பேசியவர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. ஏந்தியவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். பின்னாளில் அதே சொல் பேசியவர்களையும் தேடி வந்தது. இடதுசாரி இயக்கமும் கறைபடாதது அன்று. ஐம்பதுகளில் இரு மொழிக்கும் சம உரிமை கேட்டு அடியும் உதையும் பட்ட அதே கட்சிகள், 1966 ஜனவரி 8ஆம் நாள் தமிழ் மொழிப் பிரமாணங்களை எதிர்த்து இனவாதிகளோடு தோள்சேர்ந்து தெருவில் இறங்கின. வாக்குக்காக அயலானைக் காரணமாக்கும் வாதத்தைக் கடன் வாங்கியவர்கள், அக்கடனை வட்டியோடு செலுத்தினர். செலுத்தியது பெரும்பாலும் நாம்.

ஆகவே கேட்பதைக் கற்பிப்பதே ஆசிரியனின் இன்றைய அரசியற் பணி என்று நாம் கருதுகிறோம். இலக்கணமும் கணக்கும் கற்பிக்கும் அதே வகுப்பில், ஒரு பேச்சை எடைபோடவும் மாணவன் கற்கட்டும். இவர் என் துன்பத்துக்குக் காரணம் காட்டுகிறாரா, அயலானைக் காட்டுகிறாரா? அந்த அயலான் இதே வாங்கில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தால் இவர் இதே சொற்களைச் சொல்வாரா? இப்பேச்சை நான் நம்பினால் இலாபம் அடைபவர் யார்? இக்கேள்விகளை எழுப்பப் பழகிய செவியை எந்தக் குரலும் எளிதில் விலைக்கு வாங்க முடியாது. இன்று ஒலிவாங்கி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைபேசியாக இருக்கிறது; ஆகவே பேசுபவனின் பொறுப்பும் கேட்பவனின் பொறுப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துள்ளன.

இதோடு இன்னொன்றும் வேண்டும். திருகோணமலையின் தமிழ் மாணவன் சிங்களம் கற்பதும் சிங்கள மாணவன் தமிழ் கற்பதும் பரீட்சைக்காக மட்டும் ஆகலாகாது. நம்மைப் பற்றிப் பேசப்படுவது நமக்கு விளங்கவேண்டும். நாம் அளிக்கும் விடை அவர்களுக்கு விளங்கவேண்டும். மீனவனின் வலையும் துறைமுகத் தொழிலாளியின் கூலியும் கந்தளாய் விவசாயியின் கடனும் எந்த மொழியில் சொல்லப்பட்டாலும் ஒரே கதைதான். அக்கதையை மூன்று சமூகத்தவரும் ஒன்றாக அமர்ந்து கேட்கும் நாளில், அயலானைக் காரணமாகக் காட்டும் குரல் தானாகவே நேயர்களை இழக்கும். அந்நாள் தானாக வராது. அதற்கான முதற்பாடம் நம் வகுப்பறைகளிலேயே தொடங்கவேண்டும்.